வடிவு சாந்தமானவள் அல்ல

செய்தி எங்கள் டெலிபோன் போர்டு வழியாகத்தான் வந்தது. காலை ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்து அப்போதுதான் ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்தேன். பாளையங்கோட்டை லைனில் விளக்கு எரிந்தது. பிளக்கைச் செருகி, "சங்கரன்கோவில் எக்ஸ்சேஞ்ச்" என்றேன். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எஸ்தரக்கா, நான் முருகன் பேசுதேன். அக்கா போயிட்டாக்கா" என்று வடிவின் தம்பி சொன்னான். "எப்பம்லே?" என்று கேட்டேன். "விடியக்காலம்" என்றான். போர்டில் வரிசையாக விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. ஒருவருக்கு ராஜபாளையத்தில் பஞ்சு என்ன விலை என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு வற்றல் லோடு விருதுநகர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். "என்னம்மா, தூங்குதியா?" என்று ஒருவர் அதட்டினார். எல்லோருக்கும் லைன் கொடுத்தேன். பக்கத்து நாற்காலி, வடிவு உட்கார்ந்த நாற்காலி, சும்மா கிடந்தது.

சங்கரவடிவை இந்த ஊரில் பலருக்குக் குரலாகத் தெரியும். நம்பர் கேட்டால் கொடுக்கும் குரல். முப்பது வயதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை. மஞ்சள்காமாலை. நாட்டு மருந்து, பத்தியம், பிறகு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி என்று எல்லோரும் போகிற வழியில்தான் அவளும் போனாள். திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். "இசைக்குயில் மறைந்தது. சாந்த சொரூபி, பண்பின் சிகரம், கலைச்செல்வி சங்கரவடிவு அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி." மேலே பெரிய வட்டத்துக்குள் பாட்டுப் போட்டிக் கமிட்டித் தலைவரின் முகம். கீழே சின்ன வட்டத்துக்குள் வடிவு. ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது. அதில் அவள் உதட்டை இறுக்கி வைத்திருப்பாள். போஸ்டரில் உதடு லேசாக விரிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். தூரிகையால் தொட்டுச் சிரிக்க வைத்திருந்தார்கள். முருகனிடம் கேட்டபோது, "அவங்க வீட்டுக்கே வந்து படம் கேட்டாங்கக்கா. துட்டி வீட்டுல வந்து கேக்கவங்கள்ட்ட எப்பிடி இல்லங்கது?" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலமே கமிட்டிச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

"நீ உபதேசியார் மகதானம்மா? ஞாயித்துக்கெழம சாயந்தரம் இரங்கல் கூட்டம் போடுதோம். அண்ணாச்சிதான் தலைமை. நீ வந்து ஆர்மோனியத்துல ஒரு பாட்டு வாசிக்கணும். அந்தக் காலத்துல அந்தப் பிள்ளைக்கு நீதான வாசிச்ச?"

"எந்த அண்ணாச்சி?"

"என்னம்மா தெரியாத மாதிரி கேக்க? போஸ்டர்ல இருக்காவள்லா, மில் அண்ணாச்சிதான். இனிமே வருசா வருசம் ஆடித்தபசுப் போட்டியில அந்தப் பிள்ள பேருல வெள்ளிக் கோப்பை. அண்ணாச்சி கையாலயே குடுக்காவ."

"நான் வரல."

"டூட்டியா?"

"டூட்டி இல்ல. வரல."

அவர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார். "மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்கும்" என்று சொல்லி, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அந்தக் காப்பியைக் கொடுத்ததற்காக இன்னும் என்மேல் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கூட்டத்தில் என்னால் பேச முடியாது. பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. அதனால் வடிவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மில் அண்ணாச்சியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு மாலை எதிர்பார்ப்பார்.

வடிவை நான் முதலில் பார்த்தது கீழ ரத வீதியில், நாடக வாத்தியார் வீட்டு முன்கட்டில். அவர் ஒரு காலத்தில் பெயரெடுத்த ராஜபார்ட். ராத்திரி முழுக்கப் பாட்டாலேயே கதை நடத்துகிற இசை நாடகத்தில் கதாநாயகனாக நின்றவர். வயதான பிறகு சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டு, வசனம், தர்க்கம் எல்லாம் பழக்கினார். ராஜபார்ட் ஆக வேண்டும், ஸ்திரீபார்ட் ஆக வேண்டும் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பையன்களும் பிள்ளைகளும் வருவார்கள். வடிவின் அப்பா இறந்துவிட்டார். அம்மா தறிக்காரர் வீடுகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்த வடிவுக்குக் குரல் இருந்தது. அதை வைத்து வீடு நிமிர்ந்துவிடும் என்று அம்மா நம்பினாள்.

ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஒரு நாடகக் கம்பெனியோடு மதுரைக்குப் போய்விட்டதால், எங்கள் வேதக்கோவிலில் வாசித்துக்கொண்டிருந்த என்னைக் கேட்டு வாத்தியார் எங்கள் அப்பாவிடம் வந்தார். எங்கள் சபையில் நாடகம் என்றாலே முகம் சுளிப்பார்கள். அப்பா வெகுநேரம் யோசித்தார். "இந்தப் பெட்டி கர்த்தருக்குன்னு வாங்கினதுல்லா. ஆனா அந்தப் பிள்ளைகளுக்குத் தொண்டையக் குடுத்ததும் அவருதான். போயிட்டு வா" என்றார்.

வடிவின் குரல் இனிமையானது என்று போஸ்டர் போட்டிருக்கிறது. இனிமை என்று நான் சொல்ல மாட்டேன். கணீர் என்று இருக்கும். முதல் வரியிலேயே தெருவில் போகிறவன் சைக்கிளை நிறுத்திவிடுவான். வாத்தியாருக்கு அவளிடம் இருந்த ஒரே குறை, அவள் சிரிக்க மாட்டாள் என்பது. ஒத்திகையில் திரும்பத் திரும்பச் சொல்லுவார். "ஏட்டி, முன்வரிசையில இருக்கவங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கணும். அவங்க குடுத்தாத்தான் நமக்கு சோறு. ஸ்திரீபார்ட்டுக்குப் பாதி பாட்டு, பாதி சிரிப்பு." ஒருநாள் வடிவு பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பாடதுக்கு வாயத் தொறப்பேன் வாத்தியாரே. இளிக்கதுக்குத் தொறக்க மாட்டேன்." பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் அடிக்கக் கை ஓங்கி, ஏனோ அடிக்காமல் விட்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற காரியம் சில நேரம் கெட்டவர்கள் செய்வதைவிட அதிகமாகக் குமட்டும். அதை அந்த வருஷம் ஆடித்தபசில் பார்த்தேன்.

தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்கிற நாட்களில் ஒரு சாயங்காலம், இசை நாடகம் பயிலும் இளையவர்களுக்கு என்று கமிட்டி அந்தப் போட்டியை வைத்தது. சிவகிரி, ராயகிரி, புளியங்குடி என்று பல ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதல் பரிசு வாங்கினால் ஒரு கம்பெனியில் சீசன் முழுக்கப் பாட இடம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வடிவின் அம்மா அதற்காகவே யாரிடமோ இரவல் வாங்கி ஒரு பட்டுச் சேலை கட்டிவிட்டிருந்தாள். தேரடிக்குப் பக்கத்தில் பந்தல். ஆடிக்காற்று தென்னந்தட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மைக்கில் காற்று புகுந்து உறுமியது. முன்வரிசையில் நாற்காலிகள். அவற்றில் ஊர்ப் பெரிய மனிதர்கள், ஒவ்வொருவர் காலடியிலும் எச்சில் துப்ப ஒரு படிக்கம். நான் மேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்ததால் அவர்கள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாட்டு கேட்கிற முகமாக ஒன்றுகூட இல்லை.

ராயகிரிப் பையன் ஒருவன் ராஜபார்ட் பாட்டு பாடினான். பாதியில் குரல் உடைந்தது. ஒருவர் மேடையேறி அவன் சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகிவிட்டு இறங்கினார். அடுத்து சிவகிரிப் பிள்ளை. பதினைந்து வயதுகூட இராது. தாவணி அன்றைக்குத்தான் முதலில் போட்டதுபோல் இருந்தது. அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே தலை நரைத்த ஒருவர் ஏறினார். நாடக மேடையில் பெண்பிள்ளைகளுக்கு நோட்டைக் கையில் கொடுக்க மாட்டார்கள். மாராப்பில் குண்டூசியால் குத்துவார்கள். அதற்கு அன்பளிப்பு என்று பெயர். அவர் குத்தினார், சரியில்லை என்று எடுத்தார், மறுபடியும் குத்தினார். பந்தல் விசிலடித்தது. அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். சுருதி எங்கோ போனது. என் பின்னால் நின்ற வடிவு குனிந்து, "பாத்தியாட்டி? ஒரு ஊசி குத்த அம்புட்டு நேரமா?" என்றாள். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு, "பேசாம நில்லு. அது கலைக்கு மரியாத" என்றார்.

வடிவின் முறை வந்தது. வாத்தியாரே கட்டிய பாட்டு. காட்டில் தனியாக விடப்பட்ட ஒருத்தி, மரத்தையும் பறவையையும் பார்த்து வழி கேட்கிற பாட்டு. முதல் வரி முடிந்ததும் பந்தலின் பின்பக்கம், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம், பேச்சு நின்றது. காற்றுகூட அடங்கிப்போனது போல் எனக்குத் தோன்றியது. அடுத்த அடியை எடுக்கும்போது மில் அண்ணாச்சி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடைப் படியேறினார். ஒரு கையில் பத்து ரூபாய் நோட்டு. குண்டூசியை வாயில், வெற்றிலைச் சாறு வழிகிற உதட்டில், கவ்விக்கொண்டு வந்தார். அதை எடுத்து வேட்டியில்கூடத் துடைக்கவில்லை. ஜவ்வாதும் புகையிலையும் கலந்த வாடை என் மேல் அடித்தது.

வடிவு பாடிக்கொண்டே ஒரு எட்டு பின்னால் போனாள். அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "பயப்படாத மக்கா" என்று சொல்லிச் சிரித்தார். மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. விசில் பறந்தது. அவள் இன்னும் ஒரு எட்டு போனாள். அதற்குப் பிறகு போக இடம் இல்லை, பின்னால் திரை. அவள் நின்றாள். பாட்டை விடவில்லை. ஒரு சங்கதியை நீட்டிப் பிடித்தபடியே அவர் விரலிலிருந்து நோட்டையும் ஊசியையும் வாங்கினாள். அவர் தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தில் அதை நேராக, ஒரே குத்தில் குத்தினாள். தாளம் இம்மி பிசகவில்லை. அடுத்த அடியை எடுத்துவிட்டாள்.

முதலில் சிரித்தது பெண்கள் பக்கம்தான். பிறகு பந்தலே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்த வாயோடு கீழே இறங்கி, கமிட்டிக்காரர் ஒருவர் காதில் ஏதோ சொன்னார். மைக் செத்துப்போனது. மிருதங்கக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துருத்தியை அழுத்தினேன். மைக் இல்லாமல், ஆடிக்காற்றுக்கு எதிராக, கடைசி வரி வரைக்கும் பாடினாள். தேரடியில் சுண்டல் விற்றவர்கள் வரைக்கும் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

முடிவு அறிவித்தபோது மைக்குக்கு உயிர் வந்துவிட்டது. முதல் பரிசு, குரல் உடைந்த ராயகிரிப் பையனுக்கு. அவன் தலையைக் குனிந்துகொண்டே வாங்கிப் போனான். வடிவின் பெயர் எதிலும் இல்லை. "மேடை ஒழுக்கம் தவறியதால் ஒரு போட்டியாளரின் பாட்டு ஏற்றுக்கொள்ளப்படவில்லை" என்று நடுவர்களில் ஒருவர் வாசித்தார். ஒழுக்கம்! அந்தச் சொல்லை அவ்வளவு சுத்தமான உச்சரிப்பில் நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

திரைக்குப் பின்னால் வாத்தியார் வடிவைக் கன்னத்தில் அறைந்தார். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி! இனி எவன் என் பிள்ளைகள மேடையேத்துவான்?" என்று கத்தினார். வடிவு கன்னத்தைப் பிடிக்கவில்லை.

"உம்ம பொழப்ப என் மாராப்புலயா குத்தி வச்சிருக்கீரு வே?" என்றாள்.

வாத்தியாரை அவள் சம வயது ஆளைப்போல 'வே' என்று அழைத்ததை ஊர் பல வருஷம் பேசியது. அவர் அவளை அறைந்ததை யாரும் பேசவில்லை. அன்று நான் வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. "நீ வாசிப்ப நிறுத்தினியா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு கம்பெனி ஏஜெண்டு வடிவைத் தேடி வந்தார். அந்தச் சாயங்காலம் பந்தலில் இருந்தவர். இப்படி ஒரு தொண்டை கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இந்த வட்டாரத்தில் நாடகம் போட மில் அண்ணாச்சியின் தயவு வேண்டும். "போய் ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வடிவு மாட்டேன் என்றுவிட்டாள். மறுநாள் அவள் அம்மா யாருக்கும் சொல்லாமல் மில் வாசலுக்குப் போய், வெயிலில் காத்துக் கிடந்து, மகளுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அங்கே அவளை உட்காரச் சொல்லவில்லை. அண்ணாச்சி உள்ளேயிருந்தபடியே, "சரி சரி, பிள்ளைய வந்து கால்ல விழச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாராம்.

வடிவுக்குத் தெரிந்ததும் அம்மாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனாள். எண்ணெய்ப் பிண்ணாக்கு நாற்றம் எட்டு வீட்டுக்கு அடிக்கும் இடம் அது. அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார். விழப்போகிறாள் என்று நினைத்திருப்பார்.

"எங்கம்மா நேத்து வந்து மன்னிப்புக் கேட்டாளாம். அது அவ கேட்டது. நான் கேக்கல. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றாள் வடிவு.

"கொழுப்புட்டி ஒனக்கு."

"ஆமா" என்றாள். திரும்பி நடந்தாள். தெருமுனை தாண்டியதும் வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். பயத்திலா என்று கேட்டேன். "இல்லட்டி. காலக் காட்டிக்கிட்டு இருந்தாரு பாரு, அதப் பாத்ததுலேருந்து கொமட்டிக்கிட்டு வருது" என்றாள்.

அதோடு மேடை முடிந்தது. அடுத்த வருஷம் போட்டியில் ஊசி இல்லை. ஒரு பித்தளைத் தட்டு வைத்தார்கள். கொடுக்கிறவர்கள் அதில் போட்டுவிட்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகு பாடிய பிள்ளைகள் யாருக்கும் அந்தத் தட்டு ஏன் வந்தது என்று தெரியாது. கமிட்டி மலரில், பெண்களின் கண்ணியம் காக்கத் தாங்களே யோசித்துச் செய்த ஏற்பாடு என்று எழுதியிருந்தார்கள். வடிவிடம் காட்டினேன். படித்துவிட்டு, முறுக்கு மடிக்க ஆகும் என்று அம்மாவிடம் கொடுத்தாள்.

பிறகு அவள் பரீட்சை எழுதி டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு வந்தாள். அடுத்த வருஷம் நானும் வந்தேன். மேடையேறின பிள்ளை என்பதால் பெண் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். வாசல் தாண்டி வந்த ஒருவர், "இனிமே பாட மாட்டாதான?" என்று கேட்டார். அவரைத் திருப்பி அனுப்பியது வடிவு. தம்பியைப் படிக்க வைத்தாள். அம்மாவைக் கடைசிவரைக்கும் பார்த்தாள். போர்டில் கோபக்காரி என்றுதான் அவளுக்குப் பெயர். பெண் குரல் என்றதும் குழைகிற ஆட்கள் உண்டு. "சாப்பிட்டாச்சாம்மா? என்ன கொழம்பு?" என்று ஆரம்பிப்பார்கள். "சார், ஒங்களுக்கு நம்பர் வேணுமா, கொழம்பு வேணுமா?" என்பாள் வடிவு. புகார் எழுதிப் போடுவார்கள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். "அவரு கேட்டதயும் சேத்து எழுதச் சொல்லுங்க சார்" என்பாள். அதோடு போய்விடும்.

மில் அண்ணாச்சியும் எங்கள் போர்டு வழியாகத்தான் பேச வேண்டும். தினமும் விருதுநகருக்குக் கால் போடுவார். ஒருநாள் வடிவு லைன் கொடுத்தபோது, "யாரும்மா புதுசா? கொரலு கணீர்னு நல்லாருக்கே. பாட்டுக் கீட்டுப் பாடுவியோ?" என்று கேட்டார். அவர் பேச ஆரம்பித்ததுமே அவள் போர்டில் சாவியைத் திருப்பி எனக்கும் அதைக் கேட்க வைத்திருந்தாள். "விருதுநகர் கிடைச்சிட்டு, பேசுங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏட்டி எஸ்தர், அந்த ஆளு அன்னைக்குப் பாட்டே கேக்கல! அம்புட்டுப் பக்கத்துல நின்னும் ஒரு வரிகூடக் காதுல விழல பாரேன்." சிரிப்பு மெல்ல நின்றது. அந்த மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் குரலைப் பற்றிப் பேசப்போகிறார்.

அவள் பாட்டை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மத்தியானம் கால் குறைந்த நேரத்தில் சிவகிரி, ராஜபாளையம், கடையநல்லூர் எக்ஸ்சேஞ்சுகளிலிருந்து ஆபரேட்டர்கள் லைனில் வந்து, "வடிவக்கா, ஒண்ணு பாடுங்க" என்பார்கள். விதிப்படி கூடாதுதான். அவள் மெல்லிய குரலில் ஆரம்பிப்பாள். கடையநல்லூர்ப் பிள்ளை, "அக்கா, சவூதி கால் ஒண்ணு வருது. அந்தப் பொம்பள காலையிலேருந்து காத்துக் கெடக்கா. குடுத்துட்டு ஓடியாறேன், நிப்பாட்டிராதீங்க" என்று போய்விட்டு வருவாள். வடிவு அந்த வரியிலேயே நின்று, திரும்பத் திரும்பப் பாடிக் காத்திருப்பாள். முகம் தெரியாத நாலைந்து பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அவர்கள்தான் அவளுடைய சபை. போஸ்டரில் அவர்களுக்கு இடமில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன. பேசினால் இளைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், வருகிற டாக்டர், ஆயா எல்லோரிடமும் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் செத்தேன்னா இவனுக வருவானுவட்டி."

"அப்பிடில்லாம் பேசாத."

"வருவானுவ. தங்கமான பிள்ளம்பானுவ. நீ அப்பிடிச் சொல்லிராத. கோவக்காரின்னு சொல்லு. நல்லவள்னு சொன்னா எவன் வேணும்னாலும் வந்து மாலை போட்டுட்டுப் போயிருவான்."

நான் அழுதேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, "அழுதுக்கிட்டே சிரிக்காத. ரெண்டுல ஒண்ணு செய்யி" என்றாள். நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை. யாரைப் பார்த்தாலும், எது நடந்தாலும், முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொள்ள என்னை அப்படி வளர்த்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு ஓரத்தில் இடம் கிடைத்தது. மானூர் தாண்டியதும், நின்றுகொண்டிருந்த ஒருவர் என் தோள்மேல் இடுப்பைச் சாய்த்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மரியாதையான ஆள். நான் உள்ளே நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார். இத்தனை வருஷமும் இந்த மாதிரி நேரத்தில் நான் இன்னும் கொஞ்சம் ஒடுங்குவேன். ஜன்னல் பக்கம் பார்ப்பேன். இறங்குகிற ஊர் சீக்கிரம் வராதா என்று ஜெபிப்பேன். அன்றைக்கு எழுந்து நின்றேன். "நேரா நில்லும் வே! ஒம்ம ஒடம்ப நீரே சுமக்க மாட்டீரோ?" என்றேன். பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அந்த ஆள், "என்னம்மா, கூட்டம்லா" என்று இளித்தார். நான் இளிக்கவில்லை. அவர் முன்பக்கம் போய், தேவர்குளத்தில் இறங்கிவிட்டார். மறுபடியும் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மடியிலிருந்த பையை நகர்த்தி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோபத்தைத்தான். அவள் அளவுக்கு என்னிடம் இல்லை, ஆனால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகிறவர்கள் போய்க்கொள்ளுங்கள். அங்கே சாந்த சொரூபி என்று ஒருத்தியைப் பற்றிப் பேசுவார்கள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது.